ஓயாத திருத்தம்

சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டினாலும் மார்கழிக் குளிர் பல்லைக் கிட்டவைத்தாலும், உடம்பின் உட்சூடு 37 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கிறது. மூளையின் அடிப்பகுதியில், பாதாம்பருப்பு அளவே உள்ள ஹைப்போதலாமஸ் இரவும் பகலும் அதைக் கண்காணிக்கிறது.

சூடு ஏறினால் தோலை ஒட்டிய ரத்தக்குழாய்கள் விரிகின்றன. நெற்றியில் வியர்வை அரும்புகிறது. துடைத்து எறிந்த வியர்வையால் பெரிய பயனில்லை. தோலிலேயே காயும் வியர்வைதான் சூட்டை எடுத்துச் செல்கிறது. குளிரெடுத்தால் குழாய்கள் சுருங்கும், தசைகள் நடுங்கும். அந்த நடுக்கத்தைப் பலவீனம் என்று எண்ணாதீர்கள், உடம்பு உழைத்துச் சூடு உண்டாக்குகிறது.

சூட்டைப் போலவே நீரின் அளவையும் உடம்பு காக்கிறது. சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. ஏறத்தாழ ஒன்றரை லிட்டரைச் சிறுநீராக வெளியேற்றி, மற்றதையெல்லாம் ரத்தத்துக்கே திருப்பித் தருகின்றன. எத்தனை சிக்கனம்!

அசையாமல் இருப்பதால் உடம்புக்குச் சமநிலை வாய்ப்பதில்லை. நொடிக்கு நொடி தன்னைத் திருத்திக்கொள்வதால் வாய்க்கிறது. இதற்கு நம் பங்காக அது கேட்பது, நேரத்துக்குத் தண்ணீரும் தூக்கமும்தான். முதுமையில் தாகம் தெரிவதும் மங்கிவிடும். ஆகவே, வெயில் நாளில் வீட்டுப் பெரியவர்கள் கேட்கட்டும் என்று காத்திருக்காமல், நீங்களே ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுபோய்க் கொடுங்கள்.