விளக்கு அணைந்த பின் எது ஒளி?

மனிதன் எந்த ஒளியைத் துணையாகக் கொண்டு வாழ்கிறான்? பிருஹதாரண்யக உபநிஷதத்தில் ஜனக மன்னர் யாக்ஞவல்கிய முனிவரிடம் கேட்கும் கேள்வி இது. சூரியன் என்கிறார் முனிவர். சூரியன் மறைந்தால் சந்திரன். அதுவும் மறைந்தால் நெருப்பு. மன்னர் விடவில்லை. நெருப்பும் அணைந்துவிட்டால்? அப்போது குரலே துணை என்று பதில் வருகிறது. குரலும் ஓய்ந்த பின் எஞ்சும் ஒளி ஆத்மா.

ஏட்டில் படிக்க எளிதான இந்தப் படிகளை ஒரு மாநிலத்து மக்கள் வாழ்ந்தே பார்க்க நேர்ந்தது. 2019 மே 3 அன்று காலை ஃபானி புயல் ஒடிசாவில் புரிக்கு அருகே கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 175 கிலோமீட்டரைத் தாண்டியது. 1999 அக்டோபரில் வீசிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேரை இழந்த மாநிலம் அது. அந்தப் பாடத்தை அரசும் மக்களும் மறக்கவில்லை. இம்முறை சுமார் 12 லட்சம் பேர் முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். உயிரிழப்பு நூறைத் தொடவில்லை. எனினும் மின்கோபுரங்கள் மடங்கி விழுந்தன. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. புவனேஸ்வரத்தில் நாள்கணக்கிலும், புரி மாவட்டத்துச் சிற்றூர்கள் பலவற்றில் வாரக்கணக்கிலும் மின்சாரம் இல்லை.

மே மாதத்துப் புழுக்கத்தில் மின்விசிறி நின்றது. மோட்டார் ஓடாததால் குழாயில் நீர் வரவில்லை. தொலைபேசிக் கோபுரங்கள் செயலிழந்தன. ஏடிஎம்மில் பணம் எடுக்க வழியில்லை. நமது நிம்மதியை எத்தனை கம்பிகளில் கட்டி வைத்திருக்கிறோம் என்பது கம்பி அறுந்த பிறகே தெரிகிறது.

இத்தகைய நாட்களில் மனம் செய்யும் ஒரு விந்தையைக் கவனியுங்கள். ஊர் முழுவதும் இருண்டிருக்கும்போது பொறுத்துக்கொள்கிறது. எதிர்த்தெருவில் விளக்கு எரிந்ததும் கொதிக்கிறது. நமது வீட்டில் இருள் கூடவில்லை, வெப்பமும் ஏறவில்லை. பிறகு ஏன் நேற்று இல்லாத துன்பம் இன்று? மின்சாரம் ஒரே கணத்தில் எல்லார்க்கும் திரும்புவதில்லை. முதலில் பெரிய மின்கோபுரங்கள் நிமிர வேண்டும்; பின்னர் துணைமின் நிலையங்கள், மருத்துவமனைகள், குடிநீர் ஏற்றும் நிலையங்கள்; அதன் பிறகே தெருக்கள். இதை அறிவு ஏற்கிறது. அகங்காரம் ஏற்க மறுக்கிறது. ‘எனக்கு முன் அவனுக்கா?’ என்ற அந்த எண்ணமே உண்மையான இருள். அதைப் புயல் கொண்டுவரவில்லை. முன்பே உள்ளிருந்ததைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவே.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. துன்பத்தைப் புலம்பாமல் தாங்குவதைத் திதிக்ஷை என்று சாஸ்திரங்கள் போற்றுகின்றன. அது தனது துன்பத்துக்குரிய மருந்து. பிறர் துன்பத்தைக் கண்டு, ‘தாங்கிக்கொள்’ என்று சொல்லிவிட்டு நகர்வது திதிக்ஷை ஆகாது, அது கல்நெஞ்சம். இன்சுலினைக் குளிர்ச்சியாக வைக்க வழியற்ற நோயாளி, மூச்சுக்கருவியை நம்பி வாழும் முதியவர், நீருக்காகக் குடத்துடன் நெடுந்தொலைவு நடக்கும் தாய் ஆகியோருக்கு உபதேசம் தேவையில்லை, உதவி தேவை. நமது வசதிக் குறைவைப் பொறுத்துக்கொள்ளும் பொறுமையும், அவர்களது துன்பத்தைப் பொறுக்க இயலாத பரிவும் ஒரே உள்ளத்தில் சேர்ந்து வாழ முடியும்; வாழ வேண்டும்.

நெருப்பும் அணைந்த பின் குரலே ஒளி என்று முனிவர் கூறியதன் பொருள் இங்கே விளங்குகிறது. இருட்டில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, ‘பாட்டி, தண்ணீர் இருக்கிறதா?’ என்று கேட்கும் குரல் ஒரு விளக்குதான். வீட்டுக் கிணற்றைத் தெருவுக்குத் திறந்துவிட்டு, ‘வாருங்கள், எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று அழைக்கும் குரலும் அப்படியே. அந்தக் குரலை எழுப்புவது எது? தன்னுள் இருக்கும் அதே ஆத்மா எதிரில் இருப்பவரிடமும் இருக்கிறது என்ற உணர்வு. கடைசிப் படியில் நிற்கும் ஆத்ம ஒளி முந்தைய படியிலேயே குரலாகக் கசிகிறது. ஜீவனைச் சிவனாகக் கண்டு தொண்டு செய்வது என்று பெரியோர் சொல்வது இதனையே.

புரியில் ஆண்டுதோறும் அக்ஷய திருதியை அன்று ஜகந்நாதரின் தேர்த் திருப்பணி தொடங்கும். 2019-இல் அந்நாள் மே 7. புயல் கடந்து நான்கே நாட்கள். உளியையும் கைவலிமையையும் நம்பும் அப்பணிக்கு மின்கம்பி தேவையில்லை. ஜூலை 4 அன்று தேர்கள் புறப்பட்டன. பல்லாயிரம் கைகள் ஒன்றாக வடம் பிடித்தன. அங்கே என் வீடு, எதிர்த்தெரு என்ற பேதம் ஏது?

அன்பர்களே, அடுத்த புயல் எந்தக் கரைக்கு வரும் என்று நாம் அறியோம். மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் எடுத்து வைப்போம், அது கடமை. அத்துடன், நம் தெருவில் தனித்திருப்பவர் யார், நோயுற்றவர் யார் என்பதையும் இன்றே அறிந்து வைப்போம். விளக்கு அணையும் இரவில் முதலில் எழும் குரல் நம்முடையதாக இருக்க இறைவன் அருள் புரிவாராக.