உளவுப் பெண்ணும் அமானிதமும்

வேவு பார்ப்பவரை நாம் வெறுக்கின்றோம். ஆனால் கதையில் வரும் உளவுப் பெண்ணை மட்டும் ஆவலோடு பின்தொடர்கின்றோம். அவள் செய்வது குற்றமா, கடமையா? மாயக் கதைகளும் விஞ்ஞானப் புனைகதைகளும் இக்கேள்வியை வெவ்வேறு விதமாக எழுப்புகின்றன. அவள் களவாடிய இரகசியத்தைக் கொண்டு மட்டும் அவளை அளந்துவிட முடியாது. யாருடைய நம்பிக்கையை அவள் கருவியாக்கினாள் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

லக்னோவின் நவல் கிஷோர் அச்சகம் 1883 முதல் பல பாகங்களாக வெளியிட்ட உருதுப் பெருங்கதை 'திலிஸ்மே ஹோஷ்ருபா'. அமீர் ஹம்ஸா என்ற கற்பனை வீரரின் படையினரும், சூனியக்காரர்களின் அரசனான அஃப்ராஸியாபும் மோதும் மாய உலகம் அது. இருபக்கத்திலும் 'அய்யார்' எனப்படும் வேடதாரி ஒற்றர்கள் உண்டு. ஹம்ஸாவின் பக்கம் அம்ர் அய்யார். அஃப்ராஸியாபின் பக்கம் ஸர்ஸர் என்பவளின் தலைமையில் ஒரு பெண்கள் குழு. வேற்றுருக் கொள்வதும், எதிரிக்கு மயக்க மருந்து கொடுத்து வீழ்த்துவதும் இருசாராருக்கும் பொதுவான வித்தை. ஏமாற்றுபவரும் ஏமாறுபவரும் தாமாகவே களத்தில் இறங்கியவர்கள். எதிரே நிற்பவர் யாராகவும் இருக்கலாம் என்பது இருவருக்கும் தெரியும். ஸர்ஸரிடம் பொய் உண்டு; அதை நம்பிக்கைத் துரோகம் என்று சொல்வதற்கில்லை.

போர்க்களத்தில் இத்தகைய தந்திரத்துக்கு மார்க்கத்திலும் இடமுண்டு. அகழ் யுத்தத்தின்போது எதிரிகளின் பாசறை நிலைமையை அறிந்துவர ஹுதைபா (ரழி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் இரவில் அனுப்பிய செய்தியை நாம் அறிவோம்.

ஃப்ராங்க் ஹெர்பர்ட் 1965இல் வெளியிட்ட 'டியூன்' நாவலில் விடயம் வேறு. அதில் 'பெனே ஜெஸரிட்' என்ற பெண்கள் இயக்கம் பிரபுக்களின் வீடுகளுக்குத் தன் பெண்களை மனைவியராகவும் துணைவியராகவும் அனுப்புகிறது. அத்தோடு, தன் உறுப்பினர்களுக்கு ஆபத்துக் காலத்தில் புகலிடம் வேண்டும் என்பதற்காகத் தொலைதூர மக்களிடையே பொய்யான ஐதீகங்களையும் முன்கூட்டியே விதைத்து வைக்கிறது. மஹ்தி, ஜிஹாத் என நாம் நன்கறிந்த சொற்கள் அந்த நாவலில் உலவுகின்றன. இயக்கத்தைச் சேர்ந்த ஜெஸிக்கா, துணைவனை இழந்து மகன் போலோடு பாலைவனத்துக்குத் தப்பியோடும்போது, அவ்வாறு விதைக்கப்பட்ட நம்பிக்கையைப் பயன்படுத்தியே அம்மக்களிடம் அடைக்கலம் பெறுகிறாள்.

ஒரு தாயின் நிர்ப்பந்தம் நமக்குப் புரிகிறது. ஆனால் அப்பாலைவன மக்கள் எந்தச் சூதாட்டத்திலும் இறங்கியவர்களல்லர். அவர்கள் ஈமான் கொண்டார்கள், அவ்வளவுதான். அந்த ஈமான் அவளிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதன் விளைவை 1969இல் வந்த அடுத்த பாகம் சொல்கிறது. அம்மக்களைக் கொண்டு நடத்தப்பட்ட போரில் மாண்டோர் 6,100 கோடி எனப் போலே கணக்கிடுகிறான்.

இத்தோடு ஜெஸிக்காவைக் குற்றவாளியாக்கி முடித்துவிட நாவல் இடம் தருவதில்லை. பெண் குழந்தையையே பெறவேண்டும் என்ற இயக்கத்தின் கட்டளையை, லெட்டோவின் மீதுள்ள அன்பினால் மீறி ஆண் மகவைப் பெற்றவள் அவள். ஆயினும் அவ்வீட்டுக்குள் துரோகி இருக்கிறான் என்ற செய்தி வந்ததும் சந்தேகம் அவள் மீதே விழுகிறது. எதிரிகளே அச்சந்தேகத்தைத் திட்டமிட்டு ஊட்டுகின்றனர். உண்மையில் காட்டிக்கொடுத்தவர், யாருமே சந்தேகிக்காத குடும்ப வைத்தியர். அவரும் தம் மனைவியை எதிரிகளிடம் பறிகொடுத்தவர்.

ஸூரா அல்ஹுஜுராத்தின் 12ஆம் வசனம் பிறரைத் துருவி ஆராய்வதைத் தடுக்கிறது. அத்தடைக்கு முன்பாக அதே வசனம் வீண் சந்தேகங்களைத் தவிர்ந்துகொள்ளச் சொல்கிறது. இந்த ஒழுங்கு சிந்திக்கத்தக்கது. வேவு பார்த்தலின் முதற்படி சந்தேகம். ஒருத்தி வெளியிலிருந்து வந்தவள், அழகி, கெட்டிக்காரி என்பதற்காகவே அவளைச் சந்தேகிக்கும் வீடும் ஒருவகையில் அவளை வேவு பார்க்கிறது.

முகம் மூடிய தலையாட்டியின் ஓர் அசைவில் மனிதர்கள் காணாமற்போன காலத்தைக் கடந்துவந்த நமக்கு இது வெறும் கதையல்ல. காட்டிக்கொடுத்தவர் செய்த அழிவையும் கண்டோம். காட்டிக்கொடுத்தார் என்ற சந்தேகம் மட்டுமே செய்த அழிவையும் கண்டோம். எனவே உளவுப் பெண்ணை எழுதப் புகும் எமது கதாசிரியர்கள் அவளது அழகையும் தந்திரத்தையும் வர்ணிப்பதோடு நின்றுவிடக் கூடாது. அவளை நம்பி இழந்தவர் யார் என்றும், அவளை நம்ப மறுத்து இழந்தவர் யார் என்றும் சேர்த்தே எழுதவேண்டும்.