தொட்டால் வரும் ஃபோல்டர்

ராஜபாளையம் நூற்பாலைகளின் ஊர். ஆலை அலுவலகத்தில் ஒருவர் ‘கணக்கு’ என்ற ஃபோல்டரைச் சொடுக்குகிறார். நேற்றைய நூல் கணக்கு திரையில் விரிகிறது. அது அந்தக் கணினியில் இல்லை, அடுத்த அறை சர்வரில் இருக்கிறது. இங்கே இருப்பது பெயர் தாங்கிய காலி இடம்.

லினக்ஸின் ஆட்டோஎஃப்எஸ் வசதி இன்னும் சாமர்த்தியம். யாராவது தொடும்வரை சர்வரோடு இணைவதே இல்லை. தொட்டதும் இணைக்கும், சிறிது நேரம் யாரும் சீண்டாவிட்டால் ஓசையின்றிக் கழற்றிவிடும். கணினி எழும்போதே இணைக்கச் சொன்னால் வம்புதான்: நெட்வொர்க் பல நேரம் அப்போது விழித்திருக்காது.

தொடுவதற்கு முன் அந்த ஃபோல்டர் ‘இருந்தது’ எனலாமா?

பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இது பழைய கேள்வி. கோயில் சடங்குகளில் கும்பத்து நீரில் தெய்வத்தை ஆவாகனம் செய்வார்கள். முடிந்ததும் மீண்டும் தன் இடத்துக்கே எழுந்தருளச் செய்வார்கள். அதுவரை ஆட்டோஎஃப்எஸ் கணக்கு பொருந்துகிறது. கருவறை மூர்த்திக்கு மட்டும் பொருந்தாது. பரம், வியூகம், விபவம், அந்தர்யாமி, அர்ச்சை என்று வைணவம் சொல்லும் ஐந்து நிலைகளில் சிலை வடிவான அர்ச்சை, கூப்பிட்டால் வந்துபோவது அல்ல. பெருமாள் அங்கேயே முழுமையாக இருக்கிறார், நடை சாத்திய பிறகும். அந்தர்யாமியோ கூப்பிடுகிறவருக்குள்ளேயே.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் சூடிக் களைந்த மாலை சித்திரைத் திருவிழாவில் மதுரைக்கு, கள்ளழகருக்குப் போகிறது. புரட்டாசி பிரம்மோற்சவத்துக்குத் திருமலைக்கும் போகிறது. போவது நகலல்ல, முகவரியுமல்ல, மாலையேதான். ஆலையிலோ சர்வர் அணைந்தால், ‘கணக்கு’ ஃபோல்டரில் ஒன்றும் இருக்காது.