பங்கிடப்படாத கடமை

தேர்த்திருநாளிலே வடத்தைத் தொட்டு நிற்பவர் எல்லாரும் தேரை இழுப்பவர் அல்லர் என்பதை வடம் பிடித்தவர் யாவரும் அறிவர். ஆயினும் தேர் ஓடுகின்றது. தேரிழுத்தல் பங்கிடத்தக்க கருமமாதலின், ஒருவன் கை தளருமாயின் மற்றொருவன் கை அக்குறையை நிரப்பிவிடும். இனி, ஒரு பிள்ளை கிணற்றிலே விழுந்து தத்தளிக்கப் பத்துப்பேர் கட்டைச் சூழ்ந்து நிற்கின்றனர் என்று கொள்வோம். அவருள் ஒவ்வொருவர்க்கும் உள்ள கடமை பத்திலொரு பங்கு தானோ? நிற்பவர் தொகை பெருகப் பெருக ஒவ்வொருவர் கடமையும் சுருங்கிக்கொண்டு போகுமோ? போகாது என்று சிறு பிள்ளையும் சொல்லும். ஆயின் நடைமுறையிலே நிகழ்வது யாதெனின், பதின்மரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நிற்றலேயாம்.

பிள்ளைகளை அடித்தும், பட்டினியிட்டும், கவனியாது விட்டும், சொல்லத்தகாத பிறவாற்றானும் வருத்துங் கொடுமையைத் தடுத்தற்கு உபாத்தியாயரும், வைத்தியரும், தாதியரும், கிராம அலுவலரும், பொலிசாரும், நன்னடத்தை உத்தியோகத்தரும் கூடித் தொழில்செய்தல் வேண்டும் என்று இக்காலத்தில் யாவருஞ் சொல்லுகின்றனர். சொல்லுதல் நன்றே. அக்கூட்டம் தேர்வடத்துக் கூட்டமோ, கிணற்றங்கட்டுக் கூட்டமோ என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுந்த வினா.

இதற்கு ஓர் உண்மைச் சரித்திரத்தை எடுத்துக்கொள்வோம். மேற்காபிரிக்காவிலுள்ள ஐவரி கோஸ்ட் தேசத்திலே 1991-ஆம் ஆண்டு பிறந்தவள் விக்டோறியா கிளிம்பியே என்னுஞ் சிறுமி. மகள் நல்ல கல்வி பெறுவாள் என்னும் நம்பிக்கையினாலே பெற்றோர் 1998-இல் அவளை உறவினளாகிய ஒரு பெண்ணோடு ஐரோப்பாவுக்கு அனுப்பினர். முதலிலே பிரான்சு தேசத்தில் அவள் பாடசாலைக்குச் சென்றாள். அடிக்கடி வாராதொழிவதைக் கண்ட அப்பாடசாலையார், பிள்ளைக்கு ஆபத்துண்டென்று 1999 பெப்ருவரியிலே உரிய இடத்துக்கு அறிவித்தனர். அவ்வாண்டு ஏப்பிரலில் அவ்வுறவினள் அவளைக் கொண்டு இலண்டனுக்குப் போயினாள். அங்கே அவள் எந்தப் பாடசாலையிலும் சேர்க்கப்படவில்லை. ஆசிரியர்காள், இதனைக் குறித்துக்கொள்க. நாடோறும் ஐந்தாறு மணிநேரம் அப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கும் ஒருவர் அந்நகரில் இல்லாதொழிந்தார்.

ஜூலை 14-ஆந் தேதி அவள் ஒரு வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டாள். முதற் பார்த்த வைத்தியர் இக்காயங்கள் பிறர் செய்தவை என்று ஐயுற்றார். மேல்வைத்தியரோ அவை சொறிசிரங்கினால் உண்டாயின என்று தீர்மானித்தார். அந்த ஒரு சொல் கந்தோருக்குக் கந்தோர் சென்றது. பிள்ளை மறுநாளே வீட்டுக்குத் திரும்பினாள். பத்து நாட் கழித்து வெந்நீர் பட்ட முகத்தோடு வேறொரு வைத்தியசாலையை அடைந்தாள். ஆங்குப் பதின்மூன்று இராத் தங்கினாள். தாதியர் கண்ட தழும்புகள் பல முறையாக எழுதப்படவில்லை. வீட்டைச் சென்று பார்க்கவிருந்தோர், சொறி தம்மையும் பற்றுமென்று அஞ்சிச் செல்லாது விட்டனர். 2000-ஆம் ஆண்டு பெப்ருவரி 25-ஆந் தேதி, எட்டு வயதிலே, அவள் இறந்தாள். உடலிலே எண்ணப்பட்ட காயங்கள் 128. அவ்வுறவினளும் அவளோடிருந்த ஆடவனும் கொலைக்குற்றத்துக்காக 2001-இல் ஆயுட்சிறை விதிக்கப்பட்டனர்.

நான்கு பகுதிகளின் சமூகசேவைக் கந்தோர்களும், பொலிசாரின் சிறுவர் பாதுகாப்புப் பிரிவுகள் இரண்டும், வைத்தியசாலைகள் இரண்டும், வீடு வழங்குங் கந்தோர்களும், ஒரு தரும ஸ்தாபனத்தின் நிலையமும் இச்சிறுமியை அறிந்திருந்தன. விசாரணை நடாத்திய லாமிங் பிரபு 2003 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையிலே, அவளைக் காத்தற்குக் கிடைத்த தருணங்கள் 12-க்குக் குறையா என்று காட்டினார். சட்டம் போதாமையன்று, அதனை நடாத்தினோர் தவறே என்பது அவர் முடிபு.

இச்சரித்திரத்தில் எம் மனத்தை மிக வருத்துவது ஒன்றுண்டு. 1999 ஜூனிலே தூரத்து உறவினளான ஒரு பெண் பிள்ளையின் நிலையைக் கண்டு தானே தொலைபேசியில் அறிவித்தாள். முதன்முறை அவளை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றவள், பகலிற் பிள்ளையைப் பார்த்துவந்த ஒருத்தியின் மகள். கடைசி நாளில் அவளை ஏற்றிய வாடகைக்காரோட்டி, அவள் கிடந்த நிலையைக் கண்டு திகைத்து, நேரே நோயாளர் வண்டி நிலையத்துக்குக் காரைச் செலுத்தினான். இம்மூவரும் இதற்கென்று சம்பளம் பெற்றவர் அல்லர். பிள்ளை காக்குங் கலையைப் பயின்றவரும் அல்லர். தமக்குப் பின்னால் வேறொருவர் நிற்கின்றார் என்று எண்ணாமையால் முழுக்கடமையையுந் தமதாகக் கொண்டனர். பயின்றவரோ ஒவ்வொருவரும் தத்தம் துண்டைச் செய்து, மிகுதியை மற்றவர் செய்வாரென்று விட்டனர். அவரைக் கல்நெஞ்சர் என்று யாம் சொல்லோம். அவருட் பலர் அளவுக்கு மிஞ்சிய வேலை சுமந்தவர். சிலர் நாளெல்லாம் உழைத்தவர். கொடியவர் செய்யுந் தீமையை இனங்காணுதல் எளிது. நல்லவர் பலர் கூடிநின்று ஒன்றுஞ் செய்யாமையாகிய தீமைக்கோ முகம் இல்லை.

ஆங்கில தேசத்தார் 2004-ஆம் ஆண்டு புதிய சிறுவர் சட்டம் ஒன்றை ஆக்கி, இத்துறையார் யாவரும் ஒத்துழைத்தல் வேண்டும் என விதித்தனர். அதன்பின்னும் 2007 ஓகஸ்டிலே, விக்டோறியா வாழ்ந்த அதே பகுதியில், பீற்றர் என்னும் பதினேழு மாதக் குழந்தை, உத்தியோகத்தர் பலமுறை வந்து பார்த்துக்கொண்டிருக்கவே மாண்டது. மேசையைச் சுற்றிக் கதிரைகளை இடுதல் சட்டத்தால் ஆகும். கதிரையில் இருப்பவன் நெஞ்சிலே கடமையை இடுதல் அதனால் ஆகாது.

எங்கேயோ நிகழ்ந்தது எமக்கென்னை எனின், கல்விக்காகவோ பிழைப்புக்காகவோ பிள்ளையை உறவினர் கையில் ஒப்படைத்தல் நம்மவரும் செய்வதே. தாய் மத்தியகிழக்கு நாடுகளுக்கு வீட்டுவேலைக்குப் போதலாலும், 2009-இல் முடிந்த யுத்தத்திலே பெற்றோரை இழந்தமையாலும், பெரியம்மை வீட்டிலும் பேர்த்தி வீட்டிலும் வளர்ந்த பிள்ளைகள் நம் வகுப்புக்களில் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். அவர்களிற் பெரும்பாலாரை அவ்வுறவினர் அன்போடே வளர்க்கின்றனர் என்பதை மறத்தல் பாவம். ஆயினும், அன்பில்லாத வீட்டில் அகப்பட்ட பிள்ளைக்கு முறையிடும் வாயில் பாடசாலை ஒன்றேயாகலாம். இலங்கையிலே 1995-இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டபொழுது, பதினெட்டு வயதுக்குட்பட்டாரைத் தம் பொறுப்பிலே வைத்துக்கொண்டு வேண்டுமென்றே வருத்துதலும் கவனியாது விடுதலும் குற்றமாக்கப்பட்டன. 1998-இல் ஆக்கப்பட்ட சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை தோன்றிற்று. 1929 என்னும் இலக்கத்துக்கு யாரும் தொலைபேசியில் அறிவிக்கலாம்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். "யாம் ஐயுற்றது பொய்யாயின் ஒரு குடும்பத்தின் மானம் போய்விடுமே, குற்றமற்றவரைப் பழித்த பாவம் எம்மைச் சேராதோ?" என்பர். இது வெறும் அச்சமன்று, நியாயமான வினாவே. நம் தருக்க நூலார் காட்சி, கருதல், உரை என்று அளவைகளைப் பிரித்தமை இங்கே பெரிதும் உதவும். கையிலே மூன்று நீலத் தழும்பு கண்டது காட்சி. இவனைச் சிறிய தந்தை அடித்தான் என்பது கருதல். பிள்ளை வாயால் வந்தது உரை. உபாத்தியாயர் செய்யற்பாலது இம்மூன்றையும் கலவாது, கண்டதைக் கண்டபடியும், கேட்டதைப் பிள்ளை சொன்ன சொல்லாலேயும், தேதியிட்டு எழுதி உரியவரிடம் கொடுத்தலாம். புகையைக் கண்டவன் 'புகை கண்டேன்' என்று சொல்லுதல் அயலானைத் தீவைத்தவன் என்று பழித்தலாகாது. தீர்ப்புச் சொல்லுதல் வேறு, அறிவித்தல் வேறு. முன்னையது நமக்குரியதன்று என்பதனாலேயே பின்னையது அஞ்சாது செய்யத்தக்கதாயிற்று. ஊரிலும் ஆசிரியர் அறையிலும் வாயால் தூற்றுதலோ இரண்டுமன்று, அது பழியே.

"ஒருவர்க்குஞ் சொல்லாதீர்" என்று பிள்ளை அழுதுகொண்டு வேண்டினால் யாது செய்வது? சொல்லேன் என்று வாக்குக் கொடுத்தல் எளிது. பின்பு அவ்வாக்கைக் காத்தால் பிள்ளை கெடும். மீறினால் நம்பிக்கை கெடும். ஆதலின், உன்னைக் காக்கவல்லவர்க்கு மாத்திரம் சொல்லுவேன் என்று முதலிலேயே மெய்யைச் சொல்லுதல் தக்கது. அன்பினாலே சொல்லும் பொய்யும் பொய்யே.

இன்னுமொன்று, நம்மவர்க்குக் கசப்பாகலாம். பிரம்பு பிடித்த கையினிடம் எப்பிள்ளையும் தன் தழும்பைக் காட்டாது. பாடசாலையில் உடற்றண்டனை கூடாதென்று கல்வி அமைச்சு 2005-இலே சுற்றறிக்கை விடுத்தது. ஆயினும் "அடியாத மாடு படியாது" என்பதை உபநிடத வாக்கியம்போல ஓதுவார் நம்மிடை இன்னும் உளர். மாட்டுக்குச் சொன்னதை மாணாக்கனுக்கு ஏற்றியது யாவரோ!

மேற்சொன்னவாறு எழுதிக் கொடுத்தபின் கடமை கழிந்ததெனக் கொள்ளல் பொருந்துமோ எனின், பொருந்தாது. இலண்டனிலே கடிதங்களுந் தொலைநகல்களும் கைமாறியே இருந்தன. ஒருவர் தந்ததை மற்றவர் பெற்றாரோ, பெற்றவர் படித்தாரோ என்று மீளக் கேட்டவர் அரியர். தலைமையாசிரியர் அலுவலரிடம் சொன்னாராயின், அடுத்த கிழமை வகுப்பாசிரியர் தலைமையாசிரியரைக் கேட்டல் வேண்டும். மறுமொழி வாராதாயின் தாமே அலுவலரைக் கேட்டல் வேண்டும். இதனை மேலோர் மிகைச்செயல் என்று முகஞ் சுளித்தாலும் சுளிக்கட்டும். பிள்ளையின் பெயர் நம் இடாப்பிலே இருக்கின்றது. நாடோறும் அப்பெயரை அழைப்பவர் நாமே.