சோறு போட்ட கையின் கடன்

2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு ஓர் ஆணை பிறப்பித்தது. தில்லியிலும் அதை ஒட்டிய நகரங்களிலும் திரியும் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க வேண்டும், ஒன்றைக்கூடத் திரும்பத் தெருவில் விடக்கூடாது என்றது அது. பதினோரு நாளில், ஆகஸ்ட் 22 அன்று, மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தியது. கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம். வெறிநோய் கண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் மட்டும் விடக்கூடாது. வழக்கின் எல்லையும் நாடு முழுவதற்குமாக விரிந்தது. நவம்பர் 7 அன்று இன்னோர் ஆணை: பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்ற வேண்டும், அங்கே திரும்ப விடக்கூடாது.

ஆகஸ்டில் தொடங்கிய வாதம் இன்னும் ஓயவில்லை. டீக்கடை பெஞ்சிலிருந்து தொலைக்காட்சி விவாதம் வரை ஊர் இரண்டு கட்சியாகி நிற்கிறது. நாய்க்குச் சோறு வைப்பவரை அண்டைவீட்டார் கைநீட்டி ஏசுகிறார்கள். கடிபட்டவர் வலியைச் சொன்னால், இரக்கமற்றவர் என்று அவருக்குப் பட்டம் கிடைக்கிறது. இந்தக் கூச்சலில் அடிப்படைக் கேள்வி ஒன்று அமுங்கிப் போகிறது. தலைமுறை தலைமுறையாக நம் வாசலில் வாழ்ந்து பழகிய ஓர் உயிரை, அதன் இனத்தில் சில கடிக்கின்றன என்பதற்காக, ஒட்டுமொத்தமாகக் கண்ணுக்கு மறைவாக அப்புறப்படுத்துவது அறமா?

அறமன்று. வளர்க்கும் கடமையைச் செய்யாமல் விட்டவன் மனிதன். தண்டனை மட்டும் நாய்க்கு என்றால் அதற்கு நீதி என்று பெயர் வைக்க முடியாது.

நல்ல பழக்கமுள்ள ஒரு நாட்டு நாயோடு நாள் எப்படிக் கழிகிறது என்பது, சிற்றூர் வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விடியலில் வாசல் தெளிக்கும்போது அது எழுந்து, உடம்பை நீட்டி முறித்து, கோலம் போடும் இடத்தை விட்டு விலகிப் போய் உட்காரும். கோழிகள் அதன் மூக்குக்கு முன்னால் மேயும், திரும்பிப் பார்க்காது. வீட்டார் சாப்பிடும்போது நிலைப்படிக்கு வெளியே இருக்கும். கருவாட்டுக் குழம்பு வாசனைக்கு எச்சில் ஒழுகும். ஆனாலும் முன்னங்கால் படியைத் தாண்டாது. எல்லாரும் எழுந்த பிறகு மிச்சச் சோறும் மீன் தலையும் அதன் நெளிந்த அலுமினியத் தட்டில் விழும். தோட்டத்துக்குக் கிளம்பினால் முன்னால் ஓடி, திருப்பத்தில் நின்று, ஆள் வருகிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி ஓடும். வெயில் காலத்தில் தண்ணீர்த் தொட்டியடியில் ஈரமண்ணைப் பறித்துப் படுக்கும். மார்கழியில் அணைந்த அடுப்புச் சாம்பலில் சுருண்டுகொள்ளும். பால்காரருக்கு வாலை ஆட்டும். புதிய ஆள் வந்தால் குரைக்கும், வீட்டிலிருந்து ஒரு குரல் போனால் அடங்கும். சாரைப்பாம்பைக் கண்டு குரைப்பது மட்டும் வேறு மாதிரி இருக்கும். அடுப்படியில் இருக்கும் பெண் அந்தக் குரைப்பைக் கேட்ட மாத்திரத்தில் கம்பை எடுத்துக்கொண்டு வெளியே வருவாள்.

இந்த ஒழுங்கு எங்கிருந்து வந்தது? நாய்க்குட்டி கண் திறக்க இரண்டு வாரம் ஆகும். மூன்றாவது வாரம் முதல் பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரை அது காண்பதும் கேட்பதும் முகர்வதும்தான் அதன் உலகம். அந்தக் காலத்தில் குழந்தையின் கையும் கிழவரின் தடியும் சைக்கிள் மணியும் பழகிய குட்டி, பிற்பாடு அவற்றைக் கண்டு மிரளாது. மிரளாத நாய் எளிதில் கடிக்காது. அந்த வாரங்களில் கல்லெறியும் சூடும் மட்டுமே கண்ட குட்டிக்கு மனிதன் என்றாலே ஆபத்து. வளர்ந்த பிறகும் நாய் பெரும்பாலும் எச்சரித்துவிட்டுத்தான் கடிக்கிறது. உடம்பு விறைக்கும், பிடரி மயிர் நிற்கும், காது பின்னுக்குப் போகும், உறுமும். சாப்பிடும் நாயைச் சீண்டாதே, குட்டி போட்ட நாயின் அருகில் போகாதே, கண்டதும் ஓடாதே என்று பாட்டிகள் சொல்லி வளர்த்தார்கள். இன்று அதைச் சொல்ல வீட்டில் ஆளில்லை. பகல் முழுக்கச் சங்கிலியில் கட்டிவைத்து அதன் குணத்தைக் கெடுத்துவிட்டு, ‘நாய் சரியில்லை’ என்கிறோம். நல்ல நாயை ஒரு வீடு உருவாக்குகிறது. கெட்ட நாயையும் அப்படியே.

நம் முன்னோர் நாயின் அருமையை அறிந்திருந்தார்கள். செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது, ஏழாம் நூற்றாண்டு. ஆநிரை காக்கும் தொறுப்பூசலில் விழுந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு அவன் நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்பதையும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்பதையும் கல்வெட்டு பதிவுசெய்திருக்கிறது. அரசர்களின் பெயரே அழிந்துபோன மண்ணில் ஒரு நாயின் பெயர் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக நிற்கிறது.

இலக்கியமும் இதே பக்கம்தான் நிற்கிறது. நாலடியார் நட்பின் தரத்தை அளக்கப் புகும்போது யானையை ஒரு தட்டிலும் நாயை மறு தட்டிலும் வைக்கிறது. பழகிய பாகனையே கொன்றுவிடும் யானையைத் தள்ளிவிட்டு, எறிந்த வேல் உடம்பில் இருக்கும்போதும் எஜமானுக்கு வால் குழைக்கும் நாயைக் கொள் என்கிறது. திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில், வேள்வி உணவைத் தொட்டுவிட்டது என்று அந்தணர் அடித்துச் சாகக் கிடந்த நாயின் செவியில் சீவகன் மந்திரம் ஓதுகிறான். நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகிறது. பின்னர் சீவகனுக்குத் துன்பம் வந்தபோது ஓடி வந்து காக்கிறது. வள்ளுவர் அருளுடைமைக்கு ஓர் அதிகாரமும் கொல்லாமைக்கு ஓர் அதிகாரமும் ஒதுக்கினார். கைச்சோற்றைப் பங்கிட்டு மற்ற உயிர்களையும் காப்பதை அவர் அறங்களின் தலையில் வைத்தார். 1867-இல் வடலூரில் தருமச்சாலை அடுப்பை மூட்டிய வள்ளலார், சீவகாருண்யமே முத்திக்குத் திறவுகோல் என்று போதித்தார்.

மகாபாரதமோ நாயில் தொடங்கி நாயில் முடிகிறது. தொடக்கத்தில், சனமேசயனின் வேள்விச் சாலைக்கு ஒரு நாய்க்குட்டி வருகிறது. அவிப்பொருளை அது நக்கவுமில்லை, பார்க்கவுமில்லை. அவன் தம்பிமார் அதை அடித்து விரட்டுகிறார்கள். தாய் சரமை வந்து, என் பிள்ளை செய்த குற்றம் என்ன என்று கேட்கிறாள். சபை வாய் திறக்கவில்லை. எதிர்பாராத அச்சம் உங்களைச் சூழும் என்று சபித்துவிட்டுப் போகிறாள். முடிவில், கூடவே நடந்து வந்த நாயோடு சொர்க்கத்தின் வாசலில் தருமன் நிற்கிறான். நாயை விட்டுவிட்டு வா என்று இந்திரன் அழைக்கிறான். அண்டி வந்ததைக் கைவிடுவதைவிடப் பெரிய பாவம் இல்லை என்று தருமன் தேரில் ஏற மறுக்கிறான். குற்றம் செய்யாததை அடிக்காதே, நம்பி வந்ததைக் கைவிடாதே. அந்தப் பெரிய நூலின் இரு கரையிலும் இந்த இரண்டு விதிகள் நிற்கின்றன. இன்று ஊரைக் கூட்டி நாயைப் பிடிக்கச் சொல்பவர் இவ்விரண்டையும் ஒருசேர மீறுகிறார்.

பட்டினத்தாரும் பத்திரகிரியாரும் திருவிடைமருதூரில் இருந்த கதையை இங்கே யாரேனும் மறுப்பாகக் காட்டலாம். திருவோடும் நாயும் வைத்திருந்த பத்திரகிரியாரைப் பட்டினத்தார் சம்சாரி என்று கேலி செய்தார். அவர் வெட்கி ஓட்டை எறிய, அது பட்டு நாய் இறந்தது என்பது கதை. ஆனால் அந்தக் கதை துறவிக்குச் சொன்னது. நாய் இருந்தால் அவன் குடும்பஸ்தன் என்றால், குடும்பஸ்தனின் கடன்களில் நாயும் ஒன்று என்றுதானே பொருள்?

எதிர்வழக்கை மறைப்பதற்கில்லை. கடிபட்ட குழந்தையின் தாய்க்கு இந்த நூல்களால் ஆறுதல் இல்லை. வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைத்தவர் அரிது. மனிதருக்கு இந்நோய் வருவது ஏறக்குறைய முழுவதும் நாய் வழியாகத்தான். பயமில்லாமல் தெருவில் நடப்பது பள்ளிப் பிள்ளையின் உரிமை. மூர்க்கமான நாயையும் நோய் கண்ட நாயையும் தனியே பிரித்து வைக்கத்தான் வேண்டும்.

ஆனால் அந்தப் பிள்ளையைக் காக்கும் வழி, எல்லா நாயையும் வாரிக்கொண்டு போவதா? அப்படிச் செய்து பார்த்த ஊர் சென்னை. நாய்களைப் பிடித்து மின்சாரம் பாய்ச்சிக் கொல்லும் வழக்கம் அங்கே 1990-களின் நடுப்பகுதி வரை நடந்தது. தெருநாய் ஒழிந்ததா? குப்பைத்தொட்டி நிறைந்து வழியும் தெருவில் ஒரு நாயை எடுத்தால் அடுத்த தெரு நாய் வந்து சேரும். பெட்டை நாய்க்குச் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள்தான். அதனால்தான் 2001-இலும் பின்பு 2023-இலும் வந்த விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், பிடி, கருத்தடை செய், தடுப்பூசி போடு, அதே இடத்தில் விடு என்று வகுத்தன. ஒரு வட்டாரத்து நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டால் வெறிநோயின் சங்கிலி அறுந்துவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருணையும் கணக்கும் இங்கே ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன.

அப்படியானால் குறை எங்கே? திருவாரூரில் கன்று தேர்ச்சக்கரத்தில் விழுந்து இறந்தபோது, கன்று ஏன் குறுக்கே ஓடியது என்று மனுநீதிச் சோழன் விசாரிக்கவில்லை. தேரில் சென்ற தன் மகனைத்தான் பொறுப்பாக்கினான் என்கிறது பெரிய புராணம். நம் ஊர்களில் அந்தப் பொறுப்பை யாரிடம் கேட்க வேண்டும்? குட்டியில் ஆசையாக எடுத்து வந்து, பெட்டை என்று தெரிந்ததும் சாக்கில் கட்டி அடுத்த ஊர்ச் சந்தையில் இறக்கிவிட்டு வருகிறவரிடம். வீடு மாறும்போது சாமான்களை லாரியில் ஏற்றி, பின்னாலேயே ஓடிவரும் நாயைத் திரும்பிப் பார்க்காதவரிடம். தினமும் பிஸ்கட் போட்டுவிட்டு, அந்த நாய்க்கு ஊசி போட்டாயிற்றா என்று ஒருநாளும் கேட்காத புண்ணியவானிடம். கருத்தடை மையம் வைக்காமல் காலத்தைக் கடத்தும் உள்ளாட்சியிடம்.

சட்டமும் பெயருக்குத்தான் இருக்கிறது. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவிலிருந்து 1960-இல் பிறந்தது விலங்குவதைத் தடுப்புச் சட்டம். தக்க காரணமின்றி ஒரு பிராணியைப் பசி தாகத்தில் வாட விட்டுக் கைவிடுவது அதில் குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை! பல பத்தாண்டுகள் கடந்தும் அந்தத் தொகை மாறவில்லை. ஓர் உயிரை நடுத்தெருவில் விட்டதற்கு ஒரு டீக்காசு தண்டம் என்றால், கைவிடுகிறவன் எதற்கு அஞ்சுவான்?

இராசபாளையம் நாய்க்கு 2005-இல் அஞ்சல்தலை வந்தது. 2020-இல் பிரதமரே வானொலியில் இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பெயர் சொல்லிப் பாராட்டினார். பெருமைதான். ஆனால் இனப்பெயர் இல்லாமல் மணி என்றும் கறுப்பன் என்றும் மட்டும் அழைக்கப்படும் நாயும் இதே மண்ணில் பிறந்ததுதான். பெயருள்ளதற்கு அஞ்சல்தலை, பெயரற்றதற்குச் சுருக்குக் கம்பி என்பது எந்த ஊர் நியாயம்?

அன்பு என்றால் சோறு போடுவதோடு முடிந்தது என்று நினைக்கிறோம். அது கடனில் முதல் தவணைதான். மூன்று மாதக் குட்டிக்கு வெறிநோய்த் தடுப்பூசி, அதன்பின் ஆண்டுதோறும். வளர்ப்பதற்கோ கொடுப்பதற்கோ குட்டி வேண்டாம் என்றால் கருத்தடை. குழந்தைகள் விளையாடும் நேரத்தில் கயிறு, இரவில் முற்றத்துக் காவல். கிழடானாலும் சொறி பிடித்தாலும் சாகும்வரை அதே வாசல். செப்டம்பர் 28, உலக வெறிநோய் நாளில், கால்நடை மருந்தகங்களில் இலவச ஊசி முகாம் நடக்கிறது. அன்று வரிசையில் நிற்பதற்குக்கூட நேரமில்லாதவர் நாய் வளர்ப்பது பாவம். தெருநாய்க்குச் சோறு வைப்பவருக்கும் இதே கடன்தான். யாருடையதும் அல்ல என்று சொல்லி அவர் தப்ப முடியாது. அந்தத் தட்டை வைத்த அன்றே அது அவருடையதாகிவிட்டது.

இந்தக் கடனைச் செலுத்திய தெரு, அதன் பிறகும் ஒரு மூர்க்க நாயால் துன்பப்பட்டால், அகற்றுங்கள் என்று மனு எழுதட்டும். அதில் அறம் இருக்கிறது. செலுத்தாத தெரு மனுவைக் கீழே வைத்துவிட்டு, முதலில் தன் நாயைப் பிடித்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்கு நடக்கட்டும்.