தூண்டிலும் முதற்சீலமும்

ரிச்சர்ட்ஸ் டவுனில் நம் அன்பர்கள் கூடிப் பஞ்ச சீலம் ஏற்ற ஒரு பௌர்ணமியன்று இளைஞர் ஒருவர் வினா எழுப்பினார். மீனைத் தூண்டிலிற் பிடித்து, எடை பார்த்து, உயிருடன் ஆற்றிலேயே விட்டுவிட்டால் முதற்சீலம் கெடுமா என்பதே அது. சிலர் நகைத்தனர். நகைத்துத் தள்ளத்தக்க வினாவன்று அது.

இங்கிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவில், பீமேஸ்வரி, காலிபோரே முதலிய இடங்களில், காவிரி பாறைகளுக்கிடையே பாய்கிறது. அங்கு வாழும் மஹசீர், கெண்டையினத்துப் பெருமீன். 1946இல் கபினியாற்றில் மைசூர் வான் இங்கன் குடும்பத்தார் ஒருவர் பிடித்தது 120 பவுண்டு எடையுள்ளது. விலங்குகளைப் பாடம் செய்து வைப்பது அக்குடும்பத்தின் தொழில். அக்காலத்து வேட்டைப் பெருமை அத்தகையது. பின்னர் 1972இல் பெங்களூரில் தோன்றிய தென்னிந்திய வனவிலங்குச் சங்கத்தார் போன்றோர் முயற்சியால், பிடித்த மீனை விட்டுவிடும் வழக்கம் பரவிற்று. கேழ்வரகு மாவுருண்டையே இரை. வெடி வைத்து மீன் கொன்ற உள்ளூரார் சிலர் வழிகாட்டிகளாயினர், காவலராயினர். இது சிறிய நன்மையன்று.

முதற்சீலம் முறிவதற்கு ஐந்து அங்கங்கள் வேண்டுமென்பது உரையாசிரியர் மரபு: உயிர் இருத்தல், அது உயிரென அறிதல், கொல்லும் எண்ணம், அதற்கான முயற்சி, அதனால் நேரும் சாவு. தூண்டிலாளரிடம் கொல்லும் எண்ணம் இல்லை. பெரும்பாலும் சாவும் இல்லை. ஆகவே கணக்குப் பார்த்தால் சீலம் முறியவில்லை என்று வாதிடலாம். நாம் அவ்வாதத்தை ஒப்புகிறோம்; அது போதுமானதென ஒப்பவில்லை.

உதானத்தில் ஒரு நிகழ்ச்சி உண்டு. சாவத்திக்கும் ஜேதவனத்திற்கும் இடைவழியில் சிறுவர்கள் மீன்களை வருத்துவதைப் பகவன் கண்டார். ‘உங்களுக்குத் துன்பம் பிடிக்குமா?’ என்ற பொருளில் அவர்களைக் கேட்டார். மீன்கள் இறந்தனவா என்று அவர் விசாரிக்கவில்லை என்பதைக் கவனிக்க. அங்கே பேசப்படுவது வருத்துதல். 2003இல் ஸ்னெடன் அம்மையாரும் துணைவரும் டிரவுட் மீன்களின் உதட்டில் எரிச்சலூட்டும் பொருளைச் செலுத்தினர். அவை உதட்டைச் சரளைக் கற்களில் தேய்த்தன, நெடுநேரம் இரை தொடவில்லை. அது வேதனைதானா என ஐயுறும் அறிஞர் இன்றும் உளர். ஐயமுள்ள இடத்தில் வாயைக் கிழித்துப் பார்ப்பது நமக்குத் தகுமா? சுவிட்சர்லாந்தில், விட்டுவிடும் நோக்கத்தோடே மீன் பிடிப்பதைச் சட்டம் தடுக்கிறது. உண்பதற்குப் பிடிக்கலாம், விளையாட்டுக்கு வருத்தலாகாது என்பது அவர் கருத்து.

சாமன் மீனுக்கு ஐரோப்பிய ஆறுகளில் காத்திருப்போரும், காவிரியில் மஹசீருக்குக் காத்திருப்போரும் மெச்சுவது ஒன்றையே: மீன் எவ்வளவு போராடிற்று என்பதை. போராடாமல் வந்துவிடும் மீனில் அவர்க்கு இன்பமில்லை. அதாவது பிற உயிரின் அச்சமே இவ்வின்பத்தின் அளவுகோல். நமக்குக் கசப்பது இதுவே. (மீன் உண்பது வேறு வினா, நம்மில் உண்பார் பலர். அதை இதனோடு குழப்ப வேண்டா.)

ஆயினும் நேர்மையாகச் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. தூண்டிலாளர் எழுதி வைத்த பிடிப்புக் கணக்கினால்தான், காவிரிக்கே உரிய திமில் மஹசீர் மறைந்துவருவது 2015இல் வெளிவந்த ஆய்வில் புலப்பட்டது. பிறவிடத்திலிருந்து கொணர்ந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மஹசீர் பெருகியதால் மொத்த எண்ணிக்கை உயர்ந்தது. உரிய இனம் தேய்ந்தது. 2018இல் அது அழிவின் விளிம்பிலுள்ள இனமென அறிவிக்கப்பட்டது. சரணாலயத்தில் தூண்டில் விளையாட்டு 2012இல் நிறுத்தப்பட்டபின் காவல் குறைந்து வெடி வைப்போர் மீண்டனர் என்கின்றனர் தூண்டிலாளர். இருக்கலாம். ஆனால் ஆற்றைக் காத்தது காவலன் கண்ணும் காலும், முள்ளன்று. அவனுக்குக் கூலி கொடுக்க மீனின் வாயைத் துளைத்துத்தான் ஆகவேண்டுமா?

இன்னொன்று. செல்வர் கோலெடுத்தால் விளையாட்டு, ஏழை வலையெடுத்தால் திருட்டு என்னும் பேச்சு நமக்குப் பழக்கமானதே. நம் முன்னோர் இத்தகைய இரட்டை அளவுகளால் நெடுங்காலம் அளக்கப்பட்டவர்கள். வெடி வைப்பவன் செயல் கொடியது, ஐயமில்லை. எனினும் அவன் வயிற்றை விசாரியாமல் அவனை மட்டும் பழிப்பதற்கு நாம் உடன்படோம். தம்மபத உரையில் அரியன் என்னும் பெயருடைய ஒரு தூண்டிற்காரன் வருகிறான். உயிர்களை வருத்துபவன் பெயரால் அரியனாகான் என்று பகவன் அவனிடம் உரைத்தார், விரட்டவில்லை. அதைக் கேட்டு முடிந்தபோது அவன் சோதாபன்னன் ஆனான் என்கிறது உரை.