எலி சமைத்த விருந்து

வலையைக் கடித்துக் குதறும் எலியைத் திரேஸ்புரத்தார் எவரும் நேசித்ததில்லை. கரையேற்றிய வள்ளங்களின் நிழலிலும், கருவாடு காயும் மணலிலும், வலை குவித்த கொட்டகையிலும் அது நமக்குப் பகை. அத்தகைய ஊரில் இருந்துகொண்டு, எலியொன்று சமையற்கலைஞனாக வரும் கேலிச்சித்திரப் படத்தைப் பேரக் குழந்தைகளோடு அமர்ந்து பார்த்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். சிரித்து ஓய்ந்த பின்னர் ஒரு கேள்வி எழுந்தது. மார்க்கமும் வழக்கமும் ஒதுக்கி வைத்த ஓர் உயிர் அடுப்படியில் நின்று ஆட்சி செய்வதைக் கண்டு மகிழ்வது முறைதானா? முறையெனில், அம்மகிழ்ச்சி நம்மிடம் கைம்மாறாக எதையேனும் கேட்கிறதா?

படத்தின் பெயர் ‘ரட்டட்டூயி’. அமெரிக்க நாட்டுப் பிக்சார் நிறுவனத்தார் 2007ஆம் ஆண்டில் வெளியிட்டது; பிராட் பேர்ட் இயக்கியது. சிறந்த அசைவூட்டப் படத்துக்கான ஆஸ்கர் பரிசையும் பெற்றது. கதை பாரிஸ் மாநகரில் நிகழ்கிறது. ரெமி என்னும் எலிக்கு நுண்மையான நாவும் மூக்கும் வாய்த்திருக்கின்றன. யார் வேண்டுமானாலும் சமைக்கலாம் என்பது மறைந்த சமையல் மேதை குஸ்டோவின் கொள்கை. அதை நம்பி, அவர் நிறுவிய உணவகத்துக்கே ரெமி வந்து சேர்கிறது. சமைக்கத் தெரியாத லிங்குவினி என்னும் இளைஞனின் தொப்பிக்குள் ஒளிந்துகொண்டு, அவன் தலைமயிரைப் பற்றி இழுத்து, அவன் கைகளைப் பொம்மலாட்டம் போல் இயக்கிச் சமைக்கிறது. சுவை எலியினுடையது, புகழ் இளைஞனுடையது.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுவோம். புனித எல்லைக்குள்ளும் கொல்ல அனுமதிக்கப்பட்ட ஐந்து தீங்குயிர்களுள் எலியும் ஒன்று என்பது நபிமொழி. விளக்குத் திரியை இழுத்துச் சென்று வீட்டுக்கே தீ வைத்துவிடும் என்பதால், உறங்குமுன் விளக்கை அணைக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். நெய்யில் எலி விழுந்தால், அதையும் அதைச் சுற்றியுள்ள நெய்யையும் எறிந்துவிட்டு எஞ்சியதை உண்ணலாம் என்றார்கள். உறைந்த நெய்க்கே இது பொருந்தும் என்பர் அறிஞர். இப்படத்தைப் பார்த்ததால் இவற்றுள் ஓர் எழுத்தும் மாறப் போவதில்லை. படத்தில்கூட எலிக்கூட்டம் பாத்திரம் கழுவும் பொறிக்குள் புகுந்து, வெந்நீராவியில் குளித்த பின்னரே சமையலில் இறங்குகிறது. பிரெஞ்சு நாட்டுக் கதையாதலால் மதுக் கிண்ணமும் இடையிடையே வருகிறது. அது நமக்கு ஆகாது என்பதைக் குழந்தைகளுக்கு அவ்விடத்திலேயே சொல்லிவிட்டேன்.

ஆயினும் உவமை வேறு, சட்டம் வேறு. இதனை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். நம் நாட்டுப் பஞ்சதந்திரக் கதைகள் பாரசீகம் வழியாகச் சென்று, எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ என்பாரின் கையால் ‘கலீலா வ திம்னா’ என்னும் அரபு நூலாயின. அதில் வலையிற் சிக்கிய புறாக்களை விடுவிப்பது ஓர் எலியே. பத்தாம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த ‘இஃக்வானுஸ் ஸஃபா’ அறிஞர்கள், விலங்குகள் ஒன்றுகூடி ஜின்களின் அரசன் முன் மனிதன்மீது வழக்குத் தொடுப்பதாக ஒரு நெடுங்கதையே எழுதினர். அவற்றைக் கற்றோர் விலங்கைப் பேச வைத்த பொய்யை விட்டுவிட்டு, அது பேசிய உண்மையை எடுத்துக்கொண்டனர்.

இப்படம் பேசும் உண்மை எது? பிறப்பைக் கொண்டு திறமையை அளக்கலாகாது என்பது அதன் மேற்புறம். அது எளிதில் விளங்கும். என் மனத்தைத் தைத்தது அதன் உட்புறம். உணவு சுவைத்தவரை எல்லோரும் உண்கிறார்கள். சமைத்தது எலி என்று லிங்குவினி உண்மையை உரைத்ததும் சமையலறைப் பணியாளர் அனைவரும் வெளியேறிவிடுகின்றனர். அவர்களுள் கொலெட் என்னும் பெண் மட்டுமே திரும்பி வருகிறாள். பண்டத்தை விரும்பி, அதைப் படைத்த கையை வெறுப்பது பாரிஸின் வழக்கம் மட்டுமா?

நம் கடற்கரைக்கு இது புதிதன்று. இக்கரையோரத்தில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. இடுப்பில் கயிறும் காலடியில் கல்லுமாகக் கடலில் இறங்கியவர்களில் பரதவரும் இருந்தனர், முஸ்லிம்களும் இருந்தனர். அள்ளி வந்த சிப்பிகளை வேலியடைத்த கொட்டுகளில் குவித்து அழுகவிடுவது அக்காலத்து முறை. ஈ மொய்த்துப் புழு அரித்த பின், அந்த அழுகலைக் கடல்நீரில் அலசி, விரல்களால் துழாவி முத்தைத் தேடினர். முத்து அரசியரின் கழுத்துக்குப் போயிற்று. நாற்றம் அந்த விரல்களிலேயே தங்கிற்று. முத்தைப் புகழ்ந்தோர் பலர். அந்த விரல்களைப் பற்றி நலம் கேட்டோர் எத்தனை பேர்?

விருந்திலும் இதுவே நிகழ்கிறது. நிக்காஹ் வீட்டில் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து, செல்வரும் வறியரும் ஒன்றாக உண்பதைச் சமத்துவம் என்று பெருமையோடு எழுதுகிறோம், பெருமைக்குரியதுதான். ஆனால் விடியுமுன் அடுப்பு மூட்டிய பண்டாரி எங்கே அமர்ந்து உண்டார்? ஊழியர் உணவு கொண்டுவந்தால் அவரை உடன் அமர்த்துங்கள். இயலாவிடில் ஓரிரு கவளமேனும் கொடுங்கள். அதன் வெப்பத்தைத் தாங்கியவர் அவரே என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். தட்டில் வந்த உணவை மட்டும் பார்க்காமல், அதன் பின்னே அடுப்பின் முன் வியர்த்த முகத்தையும் பார்க்கக் கற்றுத் தருகிறது அப்போதனை.

படத்தில் அந்தோன் ஈகோ என்றொரு உணவு விமர்சகர் வருகிறார். மெலிந்த உடல், சவப்பெட்டி போன்ற அறை, குறை காண்பதே தொழில். அவர் முன் எலி வைப்பது அரச விருந்தன்று. கத்தரிக்காயும் தக்காளியும் சேர்த்து ஆக்கிய ரட்டட்டூயி என்னும் ஏழை வீட்டுக் கூட்டு. அக்கத்தரிக்காயும் இந்திய மண்ணிலிருந்து அரபு வணிகர் கைவழியே மேற்கே சென்ற காய்தான் என்பது நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி. ஒரு வாய் உண்டதும் அவர் தம் தாயின் அடுப்படிக்குத் திரும்பிப் போகிறார், பிள்ளையாகிவிடுகிறார். சமைத்தவரைக் காண வேண்டும் என்று கேட்டு, எல்லோரும் கலைந்து போகும்வரை காத்திருக்கிறார். சமைத்தவர் யாரென அறிந்த பின்னும் புகழ்ந்தே எழுதுகிறார். அதனால் தம் பதவியையும் மதிப்பையும் இழக்கிறார். முகம் மலர்ந்து அவர் உண்பதைப் படத்தின் முடிவிற்றான் காண்கிறோம்.

நாயகம் (ஸல்) அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்டார்கள், விரும்பாவிட்டால் விட்டுவிட்டார்கள். வீட்டில் குழம்பு இல்லாமல் காடிதான் இருந்தபோது, அதையே நல்ல குழம்பு என்று பாராட்டி உண்டார்கள். இந்நபிமொழிகளை நான் மேடைகளில் எடுத்துரைத்ததுண்டு. வீட்டுக்கு வந்து, மீன் ஆணத்தில் உப்புக் குறைவு என்று சொன்னதும் உண்டு. சொல்லாத நாளை எண்ணிவிடலாம்.

அன்று படம் முடிந்து குழந்தைகள் கைதட்டினர். அடுப்படி வாயிலில் நின்றபடியே கடைசிக் காட்சியைப் பார்த்திருந்த என் மனைவி, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “எலிக்காவது ஒருத்தர் நல்லாயிருக்குன்னு எழுதினாரே!”

குழந்தைகள் மீண்டும் சிரித்தனர். நான் சிரிக்கவில்லை. நாற்பது ஆண்டுகளாக மறைந்திருந்த கை எந்தத் தொப்பிக்குள்ளும் இல்லை. என் வீட்டுக் கதவின் மறுபக்கத்திலேயே இருந்திருக்கிறது.

மாசற்ற நகைச்சுவை மார்க்கத்துக்குப் பகையன்று. நகைத்த பின் நம்மை நாமே காணச் செய்யுமாயின், அது ஒரு நல்ல நண்பனின் பணியைச் செய்கிறது. அன்றிரவு உணவின்போது உப்புக் குறைவாகத்தான் இருந்தது. நான் பிஸ்மி சொல்லி உண்டேன். உண்டு முடித்து, நன்றாயிருந்தது என்றேன். அவள் நம்பவில்லை. நம்புவதற்கு நாளாகும், அது அவள் குற்றமன்று.